அத்தானுக்குக் கொடுத்த துப்பாக்கி

அக்காவின் கடிதத்தில் நான்கே வரிகள். "இங்கே எல்லோரும் சுகம். குளிர் அதிகம். அவருக்குத் துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள். நீ ஒரு தடவை வந்து போ."

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பதுதான் என் பிழைப்பு. அந்த மூன்றாவது வரியை எத்தனை முறை படித்தும் அது வேறு யாருடைய கடிதத்திலிருந்தோ தவறி வந்து விழுந்ததாகவே பட்டது. என் அத்தான் மாணிக்கம், மலாயாவில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கங்காணி. கொழுந்து பறிக்கும் முப்பது பெண்களைக் காலையில் மலைக்குக் கூட்டிப்போய், சாயங்காலம் கூட்டி வருவது அவர் வேலை. கோழி அறுப்பதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர். அவருக்கு எதற்குத் துப்பாக்கி?

எங்கள் பக்கத்தில் துப்பாக்கி என்றால் அது பண்ணையார் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை அதை இறக்கித் துடைத்து, ஏரிக்கரையில் இரண்டு நாரைகளைச் சுட்டுவிட்டு, ஒரு மாதம் அதைப் பற்றிப் பேசுவார். கூலிக்காரன் கையில் யாரும் துப்பாக்கியைக் கொடுத்ததில்லை. மலாயாவில் கொடுக்கிறார்கள் என்றால் அங்கே உழைப்பவனுக்கு மதிப்புக் கூடிவிட்டது போலிருக்கிறது என்று அச்சக நண்பர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதை நானும் பாதி நம்பித்தான் புறப்பட்டேன்.

கப்பலையும் ரயிலையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் கோபம் தொடங்கியது தாப்பாவில். மலைக்கு ஏறும் பாதை அங்கே ஆரம்பிக்கிறது. அவசரகாலச் சட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று, மேலே போகிற ஒவ்வொரு பையையும் தடுப்பில் நிறுத்திக் கொட்டிப் பார்த்தார்கள். அம்மா அக்காவுக்காகக் கொடுத்தனுப்பிய அவல் மூட்டையை ஒரு மலாய்க் காவலர் எடுத்து முகர்ந்தார். இது என்ன என்று கேட்டார். பக்கத்தில் நின்ற தமிழ்க் காவலர், இடித்த அரிசி என்று மொழிபெயர்த்தார். அரிசி என்ற சொல் வந்ததும் மூட்டை மேசைக்கு அடியில் போய்விட்டது. இடித்ததும் இடிக்காததும் சட்டத்துக்கு ஒன்றுதானாம். கூடவே இருந்த வடகத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அது தின்கிற பொருள் என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தனியாக எந்த வண்டியும் மலை ஏறக்கூடாது. முன்னால் ஓர் இரும்புக் கவச வண்டி, பின்னால் ஒன்று, நடுவில் இருபது லாரிகள். அந்த வரிசை சேரும்வரை காத்திருக்கவேண்டும். மலைமேல் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி கொண்டுவந்து இறக்கிவிட்டுக் காலிக் கூடைகளோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு சீனர் தம் லாரியில் எனக்கு இடம் கொடுத்தார். வளைவுகளை முதலில் எண்ணிக்கொண்டு வந்தேன். பிறகு எண்ணிக்கை தவறிப்போனது.

பாதி வழியில் எங்கள் லாரியின் சக்கரம் ஒன்று காற்றிழந்தது. மொத்த வரிசையும் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் சுவர் மாதிரிக் காடு. சிப்பாய்கள் நான்கு பேர் குதித்து இறங்கி, துப்பாக்கியை நீட்டிக்கொண்டு மரங்களைப் பார்த்து நின்றார்கள். லாரிக்காரர் சக்கரத்தை மாற்றி முடிக்கிறவரை அவர்கள் கண் இமைக்கவில்லை. காலிக் கூடைகளுக்கு இவ்வளவு காவலா என்று அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ரிங்லெட்டில் வண்டிகள் சற்று நின்றன. நாகூர்ப் பக்கத்து ராவுத்தர் ஒருவரின் கடையில் சாப்பிட்டேன். சுடச்சுடச் சோறு, புளி தூக்கலாக ஒரு மீன் கறி, கோசுப் பொரியல். ஊரை விட்டுப் புறப்பட்டபின் வயிறார உண்டது அன்றுதான். அக்காவுக்கு ஒரு பொட்டலம் கட்டித்தரக் கேட்டேன். ராவுத்தர் சிரித்தார். மலாயாக்காரர்களுக்குப் பேச்சின் கடைசியில் ஒரு "லா" ஒட்டிக்கொள்ளும்.

"இங்கேயே உட்கார்ந்து எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுங்க தம்பி. ஒரு பிடி வெளிய கொண்டுபோனா எனக்கும் ஜெயில், உங்களுக்கும் ஜெயில் லா."

சரி, ஒரு பால் டின் கொடுங்கள் என்றேன். அதை எடுத்தவர் ஆணியால் மூடியில் இரண்டு பொத்தல் போட்டுவிட்டுக் கொடுத்தார். காட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கெட்டுப்போகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடாம். ஓட்டையில்லாத டின்னை விற்கக் கூடாதாம். தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான கம்போங் ராஜா போய்ச் சேருவதற்குள் அந்தப் பாலில் பாதி என் வேட்டியில் இருந்தது.

பேச்சுவாக்கில் அத்தானைப் பற்றிச் சொன்னேன். துப்பாக்கி என்றதும் ராவுத்தர் கை துடைத்த துண்டால் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் தூக்கு. லைசென்ஸோடு வைத்திருந்து அதைத் தொலைத்துவிட்டால் சிறை. தொலைக்காமல் வைத்திருந்தால் அதைப் பறிக்கக் காட்டிலிருந்து ஆள் வரும் என்று மெதுவாக விளக்கினார். இந்த மூன்றில் எதுவும் நடக்காமல் ஒருவர் அதை எப்படி வைத்திருப்பது என்று கேட்டேன். ராவுத்தர் இன்னொரு கரண்டி மீன் கறி ஊற்றினார்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பனி இறங்கிக்கொண்டிருந்தது. கூலிக்காரர் குடியிருப்பான லயங்களைச் சுற்றி இரட்டை முள்வேலி. ஒரே வாசல். ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே தலைகாட்ட முடியாது. அக்கா தனம் வாசலில் நின்றிருந்தாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்க்கிறாள். என் வேட்டிக் கறையைப் பார்த்துச் சிரித்தாள், உடனே அழுதாள்.

அத்தான் உள்ளே பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடிமேல் துப்பாக்கி. ஒற்றைக் குழல். அதன்மேல் பழைய துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தார். கடிதம் எழுதினால் நான்கு பக்கம் எழுதுகிறவர், வா மாப்பிள்ளை என்பதற்குமேல் பேசவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். கை கழுவப் போனபோதும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் அக்கா எல்லாம் சொன்னாள். ஆறு மாதம் முன்பு பக்கத்துத் தோட்டத்தில் காட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு கணக்கப்பிள்ளையைச் சுட்டுவிட்டார்களாம். தொலைவிலுள்ள பதினாலாம் நம்பர் மலைக்குப் போகமாட்டோம் என்று பெண்கள் சொன்னார்களாம். காவல் போடுங்கள் என்று அத்தான் போய்த் தோட்டத்து வெள்ளைக்கார துரையிடம் கேட்டார். துரை காவல் போடவில்லை. அத்தானிடம் இந்தத் துப்பாக்கியைக் கொடுத்து, இனி நீதான் காவல் என்றார். ஒரு காலை நேரம் பயிற்சி. மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்து மூன்று தடவை சுடச் சொன்னார்கள். மூன்றும் டின்னில் படவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஐந்து தோட்டாக்களைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த ஐந்திலும் இரண்டு தோட்டாக்கள், ஈரத்தில் அட்டை உறை ஊறிப் பருத்துவிட்டன. இந்த மலையில் காயப்போட்ட துணியே மூன்று நாளைக்குக் காயாது. பருத்த தோட்டா குழலுக்குள் நுழையவில்லை. அத்தான் அதைக் கொண்டுபோய் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் காட்டினார். அடுத்த சோதனைக்கு மேலிடத்திலிருந்து ஆள் வரும்வரை மாற்றிக் கொடுக்க முடியாது, ஐந்தும் கணக்கில் இருக்க வேண்டும், பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம். ஆக, முப்பது பெண்களுக்கு மூன்று தோட்டா.

இதைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் துரையைப் பார்க்கவேண்டும் என்று கிராணியிடம் கேட்டேன். இந்தியாவிலிருந்து வந்த படித்த ஆள் என்பதால் ஐந்து நிமிஷம் கிடைத்தது. துரையின் இடுப்பில் ரிவால்வர் இருந்தது. கதவுக்கு இரண்டு பக்கமும் விசேஷக் காவலர்கள். வெளியே நின்ற அவருடைய காரின் கதவுகளுக்கு இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். பங்களாவைச் சுற்றி மணல் மூட்டை. தோட்டத்தில் மொத்தம் பதினான்கு காவலர்கள். அவர்களில் இருவரை மலைக்கு அனுப்பக் கூடாதா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் மரியாதையாகவே பதில் சொன்னார். பங்களாவுக்கு இத்தனை பேர், வாசலுக்கு இத்தனை பேர், மற்றவர்கள் தொழிற்சாலைக்கு. தொழிற்சாலை எரிந்துபோனால் இன்னொன்று கட்ட இரண்டு வருஷம் ஆகும், அதை நான் புரிந்துகொள்ளவேண்டும் என்றார். முப்பது பெண்கள் செத்துப்போனால் அவர்களை மறுபடி உண்டாக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அத்தானின் வேலை அவர் கையில் இருக்கிறதே என்று விழுங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

நான்காம் நாள் நானும் அவர்களோடு பதினாலாம் நம்பருக்குப் போனேன். போகவர அனுமதிச் சீட்டை அத்தான் வாங்கி வைத்திருந்தார். வாசலில் எல்லோரையும் தடவிச் சோதித்தார்கள். மதியச் சோறு கொண்டுபோகத் தடை. சீனி போடாத வெறும் தேநீர் ஒரு புட்டி மட்டும் கொண்டுபோகலாம். ஊருக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுக்கிறவர்கள் பசிக்கு அந்தக் கறுப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மலை ஏறினார்கள்.

போகும்போது ஒன்றைக் கவனித்தேன். பெண்கள் எல்லோரும் முன்னால் ஒரு கூட்டமாகப் போனார்கள். அத்தான் நாற்பது அடி பின்னால் தனியாக வந்தார். மேலே போய்ச் செடிகளுக்குள் இறங்கியபோதும் அவர் இருந்த வரிசைக்குப் பக்கத்து வரிசையில் யாரும் நிற்கவில்லை. அவர் நகர்ந்தால் அவர்களும் நகர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் மூத்தவளான அன்னம்மாளிடம் ஏன் என்று கேட்டேன். உயரமான பெண். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. கைகள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தன.

"கங்காணி மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்லீங்க. குண்டு வந்தா அது அந்தத் துப்பாக்கியைத் தேடித்தான் வரும். பக்கத்துல நின்னா எங்க மேல படும்" என்றாள்.

காவலுக்கென்று கொடுத்த பொருள், காக்கவேண்டியவர்களையே காவல்காரனிடமிருந்து விரட்டியிருந்தது. பன்னிரண்டு வருஷமாக இந்தப் பெண்களோடு கேலி பேசிக்கொண்டு மலை ஏறிய மனிதர், ஒரு மரக்கட்டையில் தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தள்ளி உட்காரு மாப்பிள்ளை என்றார்.

அன்று முற்பகலிலேயே அது நடந்தது. பனி விலகி வெயில் வந்த நேரம். காட்டின் ஓரத்திலிருந்து மூன்று பேர் செடிகளுக்குள் இறங்கி வந்தார்கள். கிழிந்த காக்கிச் சட்டை. இரண்டு பேர் சீனர்கள். நீளத் துப்பாக்கிகளை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு மேட்டிலேயே நின்றுவிட்டார்கள். மூன்றாவது ஆள் தமிழன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கால் முழுவதும் புண். அவன் மட்டும் அத்தானை நோக்கி வந்தான்.

அத்தான் எழுந்து நின்றார். துப்பாக்கி அவர் கையில் இருந்தது. தோட்டா உள்ளே இருந்தது. நான் பத்தடி தூரத்தில் செடிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். சுடுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த நிமிஷம் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"அண்ணே, எங்களுக்கு உங்க கூடச் சண்டை இல்ல. அதைக் கொடுத்துடுங்க. நாங்க போயிடுறோம்" என்றான் அவன்.

அத்தான் மேட்டில் நின்ற இருவரையும் பார்த்தார். சரிவு முழுக்கச் சிதறி நின்ற பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் ஓடவில்லை. கூடை முதுகில் இருக்க, பறித்த கொழுந்து கையில் இருக்க, அப்படியே நின்றார்கள். அத்தான் துப்பாக்கியின் குழலை மடக்கித் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் துப்பாக்கியை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு, தோட்டா எல்லாவற்றையும் கேட்டான். அத்தான் கையிலிருந்ததையும் சட்டைப் பையிலிருந்த நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்.

கொடுத்துவிட்டு, "இந்த ரெண்டும் ஊறிப்போச்சு தம்பி. உள்ள நுழையாது" என்றார்.

அவன் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த இரண்டையும் அவர் கையிலேயே வைத்தான். பிறகு மூவரும் காட்டுக்குள் போய்விட்டார்கள். மொத்தம் ஐந்து நிமிஷம்கூட இருக்காது. ஒரு பெண்ணின் மேலும் கீறல் இல்லை.

அத்தான் வேறு எதுவும் செய்யவில்லை. பெண்களைக் கூட்டினார், எண்ணினார், இறங்கச் சொன்னார். நேராக ஆபீசுக்குப் போய் நடந்ததைக் கிராணியிடம் சொல்லிவிட்டு, அந்த இரண்டு தோட்டாவையும் மேசைமேல் வைத்தார். ஒருமணி நேரத்தில் போலீஸ் வந்தது. அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் என்னை வாக்குமூலத்துக்கு அழைத்தார்கள். புறப்படும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க அடிச்சிப் பிடுங்கினாங்கன்னு சொல்லுடா தம்பி. கொடுத்தாருன்னு மட்டும் சொல்லிடாதே" என்றாள். சரி என்றேன்.

டவுன் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியும், மொழிபெயர்க்க ஒரு தமிழரும் இருந்தார்கள். மூன்று பேர் அத்தான்மேல் பாய்ந்து கீழே தள்ளித் துப்பாக்கியைப் பிடுங்கினார்கள் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அதற்கு முன்பே அத்தானிடமும் எழுதி வாங்கியிருந்தார்கள். நானாகத்தான் கொடுத்தேன் என்று அவர் சொல்லியிருந்தார். பலவந்தம் நடந்ததா என்று அவர்களே எடுத்துக்கொடுத்துக் கேட்டார்களாம். இல்லை என்றாராம்.

அதிகாரி என் வாக்குமூலத்தை அத்தானுடையதன் பக்கத்தில் வைத்தார். பிறகு அந்த இரண்டு தோட்டாக்களையும் மேசையில் உருட்டினார். மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார்: "கொள்ளைக்காரன் எங்கயாவது ரெண்டு தோட்டாவைத் திருப்பிக் கொடுப்பானா? சினேகிதனுக்குத்தான் கொடுப்பான். இப்ப நீங்களும் ஒரு பொய் சொல்லி வெச்சிருக்கீங்க. ரெண்டும் சேர்ந்தா கேஸ் பெருசா போகும் லா."

நுழையாத தோட்டா என்று விளக்கினேன். நுழையாத தோட்டாவைத் தோட்டம் எதற்கு ஒருவனிடம் கொடுத்து வைத்திருக்கும் என்று அதிகாரி கேட்டார். அதைத்தானே ஐயா நானும் கேட்கிறேன் என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. அத்தானைக் கம்பிக்குள் தூரத்திலிருந்து காட்டினார்கள். நான் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கோபிக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

என் கோபத்தில் பாதி அன்றிலிருந்து என் மேலேயே திரும்பியது. மீதிப் பாதிக்குக் காரணம் வேறு. மலையில் முப்பது பெண்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியைக்கூட யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. கூலிப் பெண்கள் சொல்வதை எழுத அந்த ஸ்டேஷனில் காகிதம் இல்லை போலும்.

அதற்கடுத்த நாள் காலை மணி அடித்ததும் அன்னம்மாளின் கூட்டம் கூடையோடு ஆபீஸ் முன்னால் வந்து நின்றது. மலைக்குப் போகவில்லை. சத்தம் போடவும் இல்லை. வேலைநிறுத்தம் என்ற சொல்லைச் சொன்னால் எல்லோரையும் உள்ளே தள்ளியிருப்பார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். துரை வெளியே வந்து என்ன என்று கேட்டார். கிராணி தமிழில் கேட்டார். அன்னம்மாள்தான் பேசினாள்.

"துப்பாக்கி இருந்தாத்தான் அந்த மலையில பாதுகாப்புன்னு துரை சொன்னாரு. இப்ப துப்பாக்கியும் இல்ல, கங்காணியும் இல்ல. எங்களுக்குப் பயமா இருக்கு. துரை சொன்ன பேச்சைத்தான் கேக்குறோம்."

கிராணி அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். துரையின் முகம் சிவந்தது. மறுநாள் இரண்டு காவலர்களை மலைக்கு அனுப்புகிறேன் என்றார். தொழிற்சாலையிலிருந்து விலக்கவே முடியாது என்று என்னிடம் சொன்ன அதே காவலர்கள். பெண்கள் நன்றி சொன்னார்கள். ஆனால் மறுநாளும் வந்து அங்கேயே நின்றார்கள். காவலர்களுக்கு மலை தெரியாது, கங்காணிக்குத்தான் தெரியும், அவர் வந்தால் போகிறோம் என்றாள் அன்னம்மாள். கூடையை இறக்காமல், வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு லயத்துக்குத் திரும்பினார்கள். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.

பதினாலாம் நம்பரில் கொழுந்து முற்ற ஆரம்பித்தது. முற்றிய இலை நல்ல தேயிலைக்கு ஆகாது. பெண்கள் நிற்கத் தொடங்கிய ஆறாவது நாள் துரை டெலிபோனில் பேசினார். அன்று மத்தியானமே அந்த அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஆபீஸ் வராந்தாவில் மேசை போட்டு அன்னம்மாளைக் கூப்பிட்டார்கள். நானும் ஓரமாக நின்றேன். கொடுத்தாரா, பிடுங்கினார்களா என்று கேட்டார்கள்.

"கொடுத்தாரு" என்றாள் அன்னம்மாள். "மேல ரெண்டு பேரு எங்களைப் பார்த்துக் குறி வெச்சிருந்தாங்க. இவரு ஒண்ணு சுட்டிருந்தா அவங்க எத்தனை சுட்டிருப்பாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். எங்க உசிருக்காகக் கொடுத்தாரு. நான் கங்காணியா இருந்தாலும் கொடுத்திருப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த ஐயா சொன்னது பொய்யிங்க. அக்காவுக்காகச் சொல்லிட்டாரு. அவரை மன்னிச்சிடுங்க" என்றாள்.

அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு நிலம் பிளக்கவில்லையே என்று இருந்தது. ஆனாலும் அவர் அந்தப் பெண் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதச் சொன்னார். இன்னும் ஆறு பெண்கள் அதையே சொன்னார்கள். கிராணியும் கடைசியில் வாய் திறந்து, தோட்டா பருத்ததைக் கங்காணி முன்பே வந்து சொன்னார் என்று ஒப்புக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அத்தானை விட்டுவிட்டார்கள். நியாயம் கிடைத்தது என்று அக்கா சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். நான் அவளிடம் வாதாடவில்லை. கொழுந்து முற்றாமல் இருந்திருந்தால் அந்த டெலிபோன் மணி அடித்திருக்குமா என்று மட்டும் எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

அத்தானுக்குக் கங்காணி வேலை போய்விட்டது. நம்பி ஒப்படைத்த ஆயுதத்தைக் காப்பாற்றத் தவறியவர் என்று ஏட்டில் எழுதி, தொழிற்சாலையில் இலை வாட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். கங்காணி வீட்டைக் காலிசெய்து லயத்தில் ஓர் அறைக்கு வந்தார்கள். ஊருக்கு வந்துவிடுங்கள், எங்கள் அச்சகத்திலேயே ஒரு வேலை பார்த்துத் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அத்தான் தட்டில் இலையை விரித்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல எனக்கு யாரு இருக்கா மாப்பிள்ளை? இங்க முப்பது பேரு இருக்காங்க" என்றார்.

அக்காவும் வரமாட்டேன் என்றாள். அவர் இப்போதுதான் ராத்திரியில் புரளாமல் தூங்குகிறார், அதைக் கெடுக்காதே என்றாள். நான் புறப்படுவதற்கு முந்தின நாள் புதுக் கங்காணிக்கு ஆபீசில் ஒரு பொருளைக் கொடுத்து அனுப்பினார்கள். புதுத் துப்பாக்கி. தோட்டா ஐந்து. மலைக்கு அனுப்பிய காவலர்கள் இருவரும் தொழிற்சாலை வாசலுக்கே திரும்பியிருந்தார்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது எங்கள் லாரி டவுனில் நின்றது. வரிசை சேர இன்னும் நேரம் இருந்தது. நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். மொழிபெயர்ப்பாளர் தனியாக உட்கார்ந்திருந்தார். என் வாக்குமூலத்தைத் திருத்தவேண்டும் என்றேன்.

"கேஸ் முடிஞ்சு பைல் மேல போயிடுச்சு. அந்தப் பொம்பளை சொன்னதே போதும். உங்களை ஒண்ணும் செய்யலைன்னு சந்தோஷப்பட்டு ஊருக்குப் போங்க லா" என்றார்.

பைலில் என் பெயருக்குக் கீழே பொய் இருக்கிறது என்றேன். அதைப் படிக்க இனி யாரும் இல்லை என்றார். ஒரு காகிதம் கொடுங்கள் என்றேன். நான் போகப்போவதில்லை என்று தெரிந்ததும், பழைய படிவம் ஒன்றைத் திருப்பி அதன் பின்பக்கத்தைக் கொடுத்தார். வெளியே லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. நின்றபடியே தமிழில் எழுதினேன்.

"என் அத்தான் மாணிக்கம் துப்பாக்கியைத் தம் கையாலேயே கொடுத்தார். யாரும் பிடுங்கவில்லை. அதனால் முப்பது பெண்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். நான் பார்த்தேன்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் அலமாரியைப் பார்த்தார்.